புளியடியில் இருந்து அரிப்பு வரை

ஓகஸ்ட் 9, சனி. மூதூர்

அரைநாளில் முடிந்திருக்க வேண்டிய பயணம் இது. ஐந்து நாளாக இழுபட்டதற்கு ஒரு கல்தான் காரணம்.

காலை ஏழு மணிக்கே சித்தப்பா வெளிக்கிட்டுக் குடையோடு வாசலில் நின்றார். மழைக்கில்லை, வெயிலுக்கு. திருகோணமலையில் கச்சான் காற்று ஒரு கிழமையாக அடிக்கிறது. ரொறன்ரோவில் பத்து வருஷம் இருந்த எனக்கு, அந்தக் காற்று முகத்தில் படும்போது அடுப்படிக் கதவைத் திறந்த மாதிரி இருந்தது. சித்தப்பாவுக்கு எழுபத்திநாலு வயது, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். "மூதூருக்குப் போய் வெள்ளைக்காரன்ர கல்லைப் பாத்திட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்திடலாம், பிள்ளை" என்றார். நம்பினேன்.

முந்தி மூதூருக்கு லோஞ்சில்தான் போக வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு வானிலேயே போகலாம். பாலத்தில் வானை நிற்பாட்டி, கொட்டியாரக் குடாவைப் பார்த்தோம். மகாவலி கடலில் விழுவது இந்தக் குடாவில்தான். கப்பலுக்குப் பாய்மரம் வெட்ட வந்த ஒரு கப்டன் இங்கே ஏன் நங்கூரம் போட்டார் என்பது பார்த்தாலே விளங்கும். தண்ணீர் அடக்கமாகக் கிடக்கிறது, சுற்றிவரக் காடு.

மூதூரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வழி கேட்டோம். "மரத்தப் பாக்க வந்தீங்களா, கல்லப் பாக்க வந்தீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "மரம் அறுபத்திநாலு சூறாவளியோட போயிட்டு மாஸ்டர். எங்கட வாப்பா சொல்லுவாரு. இப்ப கல்லுதான் நிக்கிது." சித்தப்பாவைப் பார்த்த உடனே மாஸ்டர் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. பிளேன்டீ 50 ரூபா. இரண்டாவது தேத்தண்ணிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று கையை மறித்தார்.

கல் ஆங்கிலத்தில் சொல்வது இதுதான்: இது வெள்ளையன் மரம், இதனடியில் ஆன் என்ற கப்பலின் கப்டன் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் பிடிபட்டார், கண்டி அரசன் அவரை 19 வருஷம் அடைத்து வைத்தான், இந்தக் கல் நாட்டப்பட்டது 1893இல்.

சித்தப்பா குடையின் நுனியால் முதல் வரியைத் தட்டினார். "பிழை."

பிழைதான். ரொபர்ட் நொக்ஸ் என்ற பெயரில் இரண்டு பேர். கப்டன், தகப்பன். பத்தொன்பது வருஷம் இருந்து தப்பிப் போனவன், மகன். தகப்பன் பிடிபட்டுப் பத்து மாதத்தில் இறந்துபோனார். கல் இரண்டு பேரையும் உருக்கி ஒரு ஆளாக்கி வைத்திருக்கிறது. பிடிபட்டிருந்த கதையைப் புத்தகமாக எழுதினவன் மகன், அதனால் பெயர் முழுக்க அவனுக்கே போய்விட்டது. தகப்பனிடம் மிஞ்சியிருந்தது கப்டன் பதவி ஒன்று. அதையும் கல்லுக்காரர் எடுத்து மகனிடம் கொடுத்துவிட்டார்கள்.

நடந்தது இப்படி. கிழக்கிந்தியக் கம்பனிக்காக 1658 தையில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது ஆன். சென்னைக் கோட்டைக்கு வந்து, துறைமுகம் துறைமுகமாக யாபாரம் செய்தது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயல் அடித்தது. கப்பலைக் காப்பாற்ற நடுப் பாய்மரத்தையே வெட்டிக் கடலில் விட வேண்டியதாயிற்று. பிறகு பரங்கிப்பேட்டை வியாபாரிகள் சிலரையும் துணிமணியையும் ஏற்றிக்கொண்டு, யாபாரமும் ஆகும் மரமும் கிடைக்கும் என்று கொட்டியாரத்துக்கு வந்தார்கள். ஒல்லாந்தரோடு முட்டிக்கொண்டிருந்த கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்குச் செய்தி போனது. அரசனின் ஆட்கள் வந்தார்கள், நல்லாகக் கதைத்தார்கள், கப்டனைக் கரைக்கு அழைத்தார்கள். புளியமரத்துக்குக் கீழே இருந்த கப்டனைச் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். கடைசிக் கணக்கு, தகப்பன், மகன் உட்படப் பதினாறு பேர்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லு என்று அவனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அவன் போய், கப்பலில் இருந்தவர்களிடம் கவனமாக இருங்கள் என்று எச்சரித்தான். அங்கேயே நின்றிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், திரும்பி வருவேன் என்று தகப்பனுக்குச் சொல்லியிருந்தான். இறங்கிப் படகில் ஏறிக் கரைக்கு வந்தான்.

"மடையன்" என்றார் சித்தப்பா.

திரும்பும் வழியில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கினோம், 600 ரூபா. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. வானுக்குள்ளேயே தயிரைத் தோண்டித் தின்றபடி சித்தப்பா சொன்னார்: "தகப்பனைத் தாட்ட இடத்தையும் பாப்பம்." சாரதித் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் கண்டி ரூமுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு. ஹபரணை, கண்டி

ஹபரணை தாண்டி வான் கொதித்துவிட்டது. காட்டு றோட்டில் ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். யானை வரும், இறங்காதீங்கோ என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். தண்ணீர் கொடுத்தவர் ஒரு சோளக்காரர். அவித்த சோளம் ஒன்று 150. உப்புத் தண்ணீரில் அவித்தது, நல்ல ருசி.

கண்டிக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. பெரஹரா முடிந்த கையோடு போனதால் தெருவெல்லாம் யானைச் சாண மணமும் நசுங்கின கடலைக் கோதும். மகன் நொக்ஸ் தன் புத்தகத்தில் பெரஹராவையும் விவரித்திருக்கிறான். அதைப் படித்துவிட்டு வந்த ஆட்கள், இரண்டு நாள் பிந்தி வந்து சேர்ந்தோம். கொத்து ரொட்டி 1,100 ரூபா. சித்தப்பா விலையைக் கேட்டதும் பாண் வாங்கிச் சாப்பிட்டார்.

ஓகஸ்ட் 11, திங்கள். எலதெத்த

மழை. திருகோணமலையில் வெயிலுக்குப் பிடித்த அதே குடையைச் சித்தப்பா இங்கே மழைக்குப் பிடித்தார்.

பிடிபட்ட ஆங்கிலேயரை அரசன் சிறைக்கூடத்தில் போடவில்லை. ஊருக்கு ஒருவர் இருவராகப் பிரித்து வைத்து, அந்த ஊர்ச் சனம்தான் சாப்பாடு போட வேண்டும் என்று கட்டளை. சுவர் இல்லாத மறியல். கம்பளைப் பக்கத்து எலதெத்தவில் மகன் நொக்ஸ் காணி வாங்கி, வீடு கட்டி, கடைசி வருஷங்களைக் கழித்தான். அங்கேதான் போனோம்.

சித்தப்பாவுக்கு நல்ல சிங்களம். கடைகளில் விசாரித்தார். இரண்டு பேர் தெரியாது என்றார்கள். மூன்றாவது ஆள், ஒரு முதியவர், எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கறுவாத் தோட்டத்தைக் காட்டி, "இங்கேதான் என்கிறார்கள்" என்றார். "யார் என்கிறார்கள்?" என்று சித்தப்பா கேட்டார். முதியவர் சிரித்தார். நான் படம் எடுக்கவில்லை. எந்தத் தோட்டமாகவும் இருக்கலாம்.

ஆனால் அந்தத் தோட்டத்து வீட்டுக்காரம்மா மழைக்குள் எங்களை நிற்க விடவில்லை. உள்ளே கூப்பிட்டு, சோறும் பலாக்காய்க் கறியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். என்னை "துவ" என்றுதான் கூப்பிட்டார், மகள் என்று. காசு கொடுக்கப் போனால் சித்தப்பா என் கையை அமர்த்தினார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நொக்ஸின் சோற்றுக் கதையைச் சொன்னேன். ஊர்ச்சனம் நாளுக்கு இரண்டு வேளை சமைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவன் கொஞ்சக் காலத்தில், சமைத்துத் தர வேண்டாம், அரிசியாகவே தாருங்கள் என்று கேட்டு வாங்கினான். மிச்சம் பிடித்த அரிசியில் கோழியும் பன்றியும் வளர்த்தான். தொப்பி பின்னி விற்றான். பிறகு நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், வருஷத்துக்கு நூற்றுக்கு ஐம்பது. சித்தப்பா சிங்களத்தில் மொழிபெயர்க்க, வீட்டுக்காரம்மா கையை வாயில் வைத்தார். "ஐம்பதா? எங்கட ஊர் லீசிங்காரனே பரவாயில்லை."

அந்தத் தொப்பி ஒன்றுக்கு இன்னொரு கதை உண்டு. ஒருநாள் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கிழவர் தன்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது, வாங்குவாயா என்று கேட்டார். கொழும்பை ஒல்லாந்தரிடம் போர்த்துக்கேயர் இழந்த காலத்தில் கைமாறி வந்த புத்தகம். திறந்து பார்த்தால் ஆங்கில வேதாகமம். இந்த மலைகளுக்கு நடுவே, சொந்த மொழியில். வைத்திருந்த பொற்காசைக் கொடுக்க ஆயத்தமானான், கூட நின்ற பையன் பொறு என்றான். கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்கு வேதாகமம் கைமாறியது. இந்தப் பேரத்தை அவன் புத்தகத்தில் எழுதியிருக்கிற விதத்தைப் படித்தால், வேதாகமம் கிடைத்ததற்கா மலிவாகக் கிடைத்ததற்கா கூடச் சந்தோஷப்பட்டான் என்று எனக்குச் சந்தேகம்.

அவன் கலியாணம் கட்டவில்லை. கூட வந்தவர்களில் பலர் சிங்களப் பெண்களைக் கட்டிக் குடும்பமானார்கள். அப்படி ஒரு ஆங்கிலேயனுக்கும் சிங்களத்திக்கும் பிறந்த லூசியா என்ற பிள்ளையை நொக்ஸ் தன் வீட்டில் வைத்து வளர்த்தான். தப்பிப் போகும்போது அவளுக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வெளியில் தெரிந்தால் தலை போகும். பிறகுதான் கடிதம் எழுதினான், எலதெத்தக் காணியும் வீடும் லூசியாவுக்கு என்று. அவன் குடும்ப வரலாறு தேடிப் போகிறவர்கள் இந்தப் பிள்ளையில் வந்துதான் நிற்க வேண்டும், அதற்குப் பிறகு கிளை இல்லை.

வெளிக்கிடும்போது வீட்டுக்காரம்மா பையில் கறுவாப்பட்டை ஒரு பிடி வைத்தார். வான் முழுக்க இப்போது அந்த மணம்தான்.

ஓகஸ்ட் 12, செவ்வாய். பண்டார கொஸ்வத்த, அநுராதபுரம்

காலையில் வயிறு சரியில்லை. பலாக்காயைக் குறை சொல்ல மாட்டேன், வழியில் வாங்கின வடையாக இருக்கும். குருநாகல் வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். மருந்துக் கடையில் ஜீவனி இரண்டு பக்கெற் வாங்கித் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன்.

பண்டார கொஸ்வத்த வாரியப்பொலப் பக்கம். தென்னந்தோட்டம், வயல், ஒரு சந்தி, நான்கு கடை. தகப்பனையும் மகனையும் முதலில் கொண்டுவந்து வைத்தது இங்கேதான். இரண்டு பேருக்கும் காய்ச்சல். மகன் மெல்லத் தேறினான், தகப்பன் தேறவில்லை. உன்னை என் கையாலேயே இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேனே என்ற கவலைதான் அவருக்குக் காய்ச்சலைவிடப் பெரிய நோய். கரையில் சொன்ன சொல்லை மகன் காப்பாற்றினான் அல்லவா, அந்தச் சொல்லை அவர் வாங்காமல் இருந்திருந்தால் பிள்ளை இங்கிலாந்தில் இருந்திருப்பான். சாகும் முன், ஊரில் உள்ள தம்பியையும் சகோதரியையும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். 1661 பெப்ரவரி 9.

மகன் காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தான். உடலைத் தூக்க ஆள் கேட்டு, கூட இருந்த வேலைக்காரப் பையனை ஊருக்குள் அனுப்பினான். ஊரார் ஒரு பெரிய கயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். மாடு கட்டுகிற கயிறு. கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போ என்று. வேறு உதவி வேண்டுமென்றால் காசு. அவன் காசு கொடுத்து ஒரு ஆளைப் பிடித்துத் தகப்பனை அடக்கம் செய்தான்.

நேற்று மழைக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டதும் இதே தேசம்தான். ஊராரைத் திட்டவும் எனக்கு மனமில்லை. யாரோ பறங்கி, என்ன நோயோ, தொடப் பயந்திருப்பார்கள். மேலிருந்து கட்டளை வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தவர்கள். இருந்தாலும் அந்தக் கயிறு மனத்தை விட்டுப் போகவில்லை.

அடக்கம் பண்ணின இடத்துக்கு அடையாளம் ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. சித்தப்பா சந்தியில் இறங்கி, வேலியோரம் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வந்தார். அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறா: எண்பத்தைந்தில் சித்தப்பாவும் கனடாவுக்கென்று கட்டுநாயக்கா வரை போனவர், அப்பப்பாவுக்குச் சுகமில்லை என்று தந்தி வந்து திரும்பிவிட்டார், பிறகு போகவேயில்லை. நான் அதைக் கேட்கவில்லை. அவர் இளநி வாங்கி வெட்டுவித்து, "வயித்துக்கு நல்லது, குடி" என்றார். 160 ரூபா.

அநுராதபுரத்தில் இரவு எட்டு மணிக்கும் சுவர் சுட்டது. காற்றாடிக்குக் கீழே இருந்து, மகனின் மிச்சக் கதையை வாசித்துக் காட்டினேன். லண்டனுக்குப் போனபின் அவனும் கப்டனானான். டொங்கின் மெர்ச்சன்ட் என்ற கம்பனிக் கப்பலில் பதின்மூன்று வருஷம். கம்பனி 1684இல் அவனை மடகஸ்காருக்கு அனுப்பியது. எதற்கு? சென் ஹெலினாத் தீவுத் தோட்டங்களுக்கு அடிமை வாங்க.

சித்தப்பா எழும்பி உட்கார்ந்தார். "பத்தொன்பது வருஷம் மறியலில இருந்தவனா?"

"ஓம்."

"போனவனா?"

"போனவன்."

அவர் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "கோபமெண்டா அரசனில வரவேணும், எனக்கு இவனிலதான் வருது" என்றார். எனக்கும்தான். தன்னைப் பிடித்து வைத்ததைப் பக்கம் பக்கமாக எழுதினவனுக்கு, தான் வாங்கின ஆட்களின் தகப்பன்மார் எங்கே கிடந்தார்கள் என்று நினைக்கத் தோன்றவில்லை போலும். ரொபர்ட் ஹூக் என்ற பெரிய விஞ்ஞானி அவனுக்குச் சிநேகிதன், 1681இல் வந்த புத்தகத்துக்கு முன்னுரை எழுதினவர். அப்படிப்பட்ட கூட்டத்தில் பழகியும் அவனுக்கு அது உறைக்கவில்லை. கடைசியில் 1720இல் இறந்தான், விம்பிள்டனில் கல்லறை. அவனுக்கு அதுவும் கிடைத்தது.

ஓகஸ்ட் 13, புதன். அரிப்பு

மடுத் திருவிழா பதினைந்தாம் திகதி. மதவாச்சி தாண்டினதும் விளங்கிவிட்டது, பிழையான கிழமையில் வந்துவிட்டோம் என்று. பஸ், உழவு இயந்திரம், பாயும் பானையும் கட்டின லொறி எல்லாம் மடுவை நோக்கி. மன்னாரில் பதிந்து வைத்த ரூமை விடுதிக்காரர் காலையிலேயே வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, "மாதாட கூட்டம் அக்கா, என்ன செய்யிறது" என்றார். என்ன செய்கிறது. மடுச் சந்தியில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்த பொடியன்கள், நாங்கள் யாத்திரீகர் இல்லை என்று சொல்லியும் மோர் ஊற்றித் தந்தார்கள்.

நொக்ஸும் கூட்டாளி ஸ்டீபன் ரட்லண்டும் இந்தப் பக்கம் தப்பி வந்தது 1679 ஒக்டோபரில். சாமான் விற்கிற சாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே வழி பார்த்து வைத்து, அநுராதபுரத்துக்கு வந்து, மல்வத்து ஓயாவுக்குள் இறங்கிவிட்டார்கள். நாங்கள் அருவியாறு என்கிறது அதைத்தான். ஆற்றங்கரைக் காடுதான் வழி, யானைதான் பயம். அதைவிடப் பெரிய பயம் வன்னிச் சனம். அவன் தமிழரை மலபார் என்றுதான் எழுதுகிறான். சிங்களம் தண்ணியாகக் கதைத்தவனுக்குத் தமிழ் தெரியாது. பிடித்து அரசனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்று நடுங்கியிருக்கிறான். கடைசியில், மரத்தடியில் சோறு காய்ச்சிக்கொண்டிருந்த இரண்டு தமிழர்தான் ஒல்லாந்தர் இருக்கும் திசையைக் காட்டினார்கள். சாரதித் தம்பிக்கு இதைக் கேட்டு நல்ல புளுகம். "எங்கட ஆக்கள் அக்கா!"

பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தோம். மணல். நடுவில் நாலு முழ அகலத்துக்குத் தண்ணீர், அதில் கொக்கு. வெயில் கண்ணைக் குத்தியது.

அரிப்புக் கோட்டை சின்னது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் எடுத்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் இந்தக் கரைக்கு உலகமே வந்தது, இப்போது இடிந்த சுவரில் ஆடு ஏறி நின்றது. மகன் நொக்ஸ் வந்து சேர்ந்த நேரத்தை எழுதியே வைத்திருக்கிறான்: ஒக்டோபர் 18, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. சித்தப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். "நாலரை. அரை மணித்தியாலம் பிந்தீட்டம்."

தங்க இடமில்லை. சிலாவத்துறையில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் நண்டு விலை கேட்கப் போய், கதை நீண்டு, அவர் வீட்டு விறாந்தையில் பாய் போட்டுத் தருகிறேன் என்றார். நண்டு கிலோ 1,800 சொன்னவர், வீட்டில் காய்ச்சினபோது எத்தனை கிலோ போட்டார் என்று எண்ண விடவில்லை. குழம்பில் முருங்கை இலை போட்டிருந்தார்கள். என் வயிறு இன்னும் முழுக்கச் சரியாகவில்லை, இருந்தும் மூன்று நண்டு.

சாப்பிட்டு முடிய, சித்தப்பா அந்த வீட்டுச் சின்னவளிடம் ஒரு கொப்பித் தாள் கேட்டு வாங்கினார். மூதூர்க் கல்லைத் திருத்தச் சொல்லிக் கடிதம். யாருக்கு அனுப்புவது என்று அவருக்கே தெரியாது. "கொப்பித் தாளில எழுதினா எடுப்பினமோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எழுதத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். முதல் வரியில் 'தகப்பன்' என்று எழுதி, கீழே இரண்டு தரம் கோடு இழுத்திருந்தார். அதற்குள் கரண்ட் போய்விட்டது.